தவமலர் மிஸ் விட்ட பிழை

செய்தி வந்தபோது தரம் மூன்று பிள்ளைகளுக்குக் கழித்தல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் தொலைபேசி எடுப்பதில்லை என்பது என் கொள்கை. ஏழு மாத வயிற்றோடு நிற்பவளுக்கு எந்தக் கொள்கையும் கொஞ்சம் தளரும். பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன். தவமலர் மிஸ்ஸின் மகள் கௌசி. "அக்கா, அம்மா விடியக் காலமை போயிட்டா" என்றாள். மிஸ் நெஞ்சு வருத்தக்காரி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்து என்ன? கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். முன்வாங்கில் இருந்த சின்னவள் ஒருத்தி, "ரீச்சர், கணக்குப் பிழைச்சுப் போச்சோ?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். மாமி என்றால் என் கணவரின் தாய். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். "நல்ல மனுசி. சைவக்காரி எண்டாலும் நேரா மோட்சத்துக்குத்தான் போவா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனால் நீ செத்த வீட்டுக்குப் போறேல்லை, சொல்லிப்போட்டன். வயித்துப்பிள்ளைக்காரி செத்த வீட்டு வாசல் மிதிக்கிறதோ?" என்றார். எனக்கு வாய் நீளம். நாயாற்றுக் கடற்கரை முழுக்க அது தெரியும். "அவா இல்லாட்டி இந்த வயிறே இல்லை மாமி" என்றேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் அன்ரன் தலையை நிமிர்த்தவில்லை. தாயும் மனைவியும் மோதும்போது தலை நிமிர்த்தாமல் இருப்பது அவருடைய பழைய தந்திரம்.

அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவள் கௌசிதான். "அம்மாவைப் புகழ்ந்து தள்ளிப்போடாதேங்கோ அக்கா, அவாக்குப் பிடிக்காது" என்றும் சொன்னாள். புகழாமல் எழுத எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. அவர் விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதப் போகிறேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவமலர் மிஸ் எங்கள் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. ஊர் கிளிநொச்சிப் பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்து வாய்க்காலோரம் காணி பெற்று வயல் செய்த குடும்பம். வேலை மட்டும் எங்கள் கடற்கரையில். கிழமை நாட்களில் இங்கே தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போவார். "உங்கட ஊரால போனால் என்ர சூட்கேசும் மீன் மணக்குது எண்டு மனுசன் பேசுறார்" என்று சிரிப்பார். பெண்களை ஏசியதை நான் கண்டதில்லை. ஆண்களை ஏசாத நாளையும் கண்டதில்லை. கர்ப்பிணி ஒருத்தி தண்ணிக் குடம் தூக்குவதைக் கண்டால் ஸ்கூட்டியை நிறுத்தி, நேரே புருஷனிடம் போவார். "தம்பி, உமக்குக் கை ரெண்டும் கடல்லயோ போயிட்டுது?"

எனக்குக் கலியாணமாகி இரண்டாம் வருடம் முதல் கரு தங்கியது. பத்தாம் கிழமையில் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்துக் கிடந்தேன். அயலில் ஒருவரும் வரவில்லை. கெட்டவர்கள் அல்ல, வருவதா விடுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. செத்த வீடென்றால் வெள்ளைச்சேலையோடு வரலாம். பிள்ளை பிறந்த வீடென்றால் சவர்க்காரமும் பேபி பவுடரும் கொண்டு வரலாம். இந்த வீட்டுக்கு எதைக் கொண்டு வருவது? மூன்றாம் நாள் தவமலர் மிஸ் வந்தார். கையில் ஒரு போத்தல் சரக்குத்தூள். பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போட்டுக் கொடுக்கிற அதே தூள். பத்தாம் நாளும் வந்தார். பிறகு இருபதாம் நாள். பிள்ளை பெற்றவர்களை எந்த எந்த நாட்களில் போய்ப் பார்ப்பாரோ, அதே நாட்கள்.

மாமிக்கு அது புதினமாக இருந்தது. "பிள்ளை இல்லாத வீட்டுக்கு என்னத்துக்கு மிஸ் இத்தனை தரம் அலையிறியள்?" என்று கேட்டார். மிஸ் என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை இல்லை எண்டது எனக்கும் உங்களுக்கும் தெரியும் அம்மா. இவவின்ர உடம்புக்கு அது இன்னும் தெரியாது. அது பெத்த உடம்பு மாதிரித்தான் நோகும்." அரசாங்கத்தில் இப்படியொரு விதி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் சரக்குத்தூள் அந்த விதியில் இருந்திருக்காது. அன்று மத்தியானம் மாமி எனக்குச் சரக்குக்கறி காய்ச்சித் தந்தார். கருவாட்டுக் கறியைத் தவிர வேறெதையும் ருசியாகக் காய்ச்சாத மாமி!

இரண்டாவதும் போயிற்று. இந்த முறை நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. மிஸ் வந்து இருந்ததும் இராததுமாக, "ஏன் மிஸ்? நான் என்ன செய்தனான்? எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் அந்தப் பிழையை விட்டார். "கடைசிச் சண்டைக்க எத்தினை மாதம் பங்கருக்க கிடந்தனீர்? அவ்வளவு புகையையும் குடிச்ச உடம்பு பிள்ளை. சாப்பாடுமில்லாமல் வளர்ந்த உடம்பு. ஆற விடும். ஆறினால் தங்கும்" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இறுதி யுத்தம் நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அதில் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவள். எங்கள் ஊரில் கால் நொந்தாலும் தலை சுற்றினாலும் கண்பார்வை மங்கினாலும் அந்தச் சண்டையைத்தான் சொல்வார்கள். முக்கால்வாசி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆகவே இதுவும் அதுதான் என்று நம்புவது எனக்குச் சுகமாக இருந்தது. மாமிக்கும் அது வசதி. "பாவம் பிள்ளை, சண்டைக்க நொந்த உடம்பு" என்று ஊருக்குச் சொல்லலாம். ஒருவரும் என்னை மலடி என்று சொல்லவில்லை. நானும் ஒரு டொக்டரிடமும் போகவில்லை. உடம்பு ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, மூன்றாவதும் போயிற்று.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம். வாசலில் ஸ்கூட்டிச் சத்தம். அது அவர் வருகிற நாள் அல்ல. மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து நின்றார். வவுனியாவில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போனவர், பஸ்ஸால் இறங்கி, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். "இருங்கோ மிஸ், தேத்தண்ணி..." என்று எழும்பினேன். "இருக்க வரேல்லை பிள்ளை. நான் பிழை விட்டிட்டன்" என்றார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கண்ணீர் வந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை உள்ளே போகவில்லை. அதை அவர் கவனிக்கவுமில்லை.

"இண்டைக்கு ஒரு டொக்டர் வகுப்பெடுத்தவர். இப்பிடித் திருப்பித் திருப்பிக் கரு அழிஞ்சால், புருஷன் பெண்சாதி ரெண்டு பேரின்ர ரெத்தத்திலையும் நிறமூர்த்தம், அதுதான் குரோமோசோம், பாக்கவேணும் எண்டு சொன்னார். எனக்கு உடன உம்மட முகம்தான் வந்தது. எனக்குத் தெரியாத ஒண்டைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லி உம்மை வருசக்கணக்கா மினக்கெடுத்திப் போட்டன். சண்டையால எண்டு எனக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் சொன்னனான்." மாமி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அரசாங்கத்தில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் வீட்டுக்குள் வந்து, ஒரு மாமியாருக்கு முன்னால் மருமகளிடம் "நான் பிழை விட்டிட்டன்" என்று சொன்னதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தையும் மறைக்கக் கூடாது. இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. அவர் ரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்து, நாளும் இடமும் எழுதிய துண்டை அன்ரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் வாயில்லாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டு கிழமையும் என்னை என் கோபத்தோடு விட்டுவைத்தார்.

முடிவு வந்தது. அதைக் கேட்கப் போனபோது மிஸ்ஸும் எங்களோடு வந்தார். அன்ரனில் ஒன்றுமில்லை. என்னில்தான். டொக்டர் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னார். படத்தில் சின்னச் சின்னக் கோடுகளைக் காட்டினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வெளியே வந்து வாங்கில் இருந்ததும் மிஸ் என் கைப்பையைத் திறந்து, திருத்துவதற்காக நான் கொண்டு வந்திருந்த பிள்ளைகளின் கொப்பிகளில் இரண்டை எடுத்தார். "நீர் ரீச்சர். கேளும். இது ஒரு கொப்பி, இது வேற கொப்பி. இதில ஒரு தாள் கழண்டு அதுக்கை போய் ஒட்டுப்பட்டிருக்கு. அதின்ர தாள் இதுக்கை. உம்மட்ட ரெண்டு கொப்பியும் இருக்கு. அப்ப உமக்கு ஏதும் பாடம் குறையுதோ?" "இல்லை" என்றேன். "ஓம். அதுதான் நீர் நல்லா இருக்கிறீர். பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்து போனால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு கொப்பிக்கும் மாறாத நல்ல சோடி ஒண்டும் உம்மட்ட இருக்கு, அதுகள் போனாலும் இல்லை. மாறின கொப்பி ஒண்டு மட்டும் தனிச்சுப் போனால்தான் சில பாடம் இல்லாமல் போகுது, சில பாடம் ரெண்டு தரம் வருது. அந்தக் கரு நிக்காது." பதினொரு வருடமாகப் படிப்பிக்கிற எனக்கு அதைவிடச் சுருக்கமாக ஒரு பாடம் நடத்தத் தெரியாது.

வீட்டில் காற்று மாறியது. சண்டையால் என்றிருந்தவரை மாமிக்கு என்மேல் இரக்கம் இருந்தது. இப்போது, "அப்ப பிழை இவளின்ர உடம்பிலதான்" என்று அன்ரனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மிஸ்ஸுக்கும் எப்படியோ அது தெரிந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது மாமியை எதிரில் இருத்தி, "அம்மா, இவவின்ர உடம்பில இருக்கிறது பிறக்கேக்கையே வந்தது. உங்கட மகன்ர சுருட்டை மயிர் மாதிரி. அதைப் பிழை எண்டு சொல்லாதேங்கோ. இந்த வீட்டில பிழை விட்ட ஆள் நான் ஒருத்திதான். ஏசிறதெண்டால் என்னை ஏசுங்கோ" என்றார். மாமி ஏசவில்லை. ஆனால் உடனே மாறவுமில்லை. மூன்று நாள் செபமாலையோடு கோயிலுக்குப் போய் வந்தார். நாலாம் நாள் என்னிடம், "அப்ப என்ன செய்யலாமாம்?" என்று கேட்டார்.

செய்யலாம் என்பதுதான் மிஸ் கேட்டுக்கொண்டு வந்த நல்ல செய்தி. முட்டைகளை எடுத்து வெளியே கருவாக்கி, ஐந்தாம் நாள் ஒவ்வொரு கருவிலும் சில செல்களை எடுத்து, கொப்பி முழுதாக இருக்கிறதா என்று பார்க்கலாம். பாடம் குறையாத கருவை மட்டும் வைக்கலாம். கொழும்பில் செய்கிறார்கள், செல்களை இந்தியாவுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். பிழையை ஒப்புக்கொண்ட நாளுக்குப் பிறகு அவர் வாயில் அடிக்கடி வந்த வசனம் ஒன்றிருக்கிறது. உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். "தெரியாது. கேட்டுச் சொல்லுறன்." நான் ஆயிரம் கேள்வி கேட்டேன். அரைவாசிக்கு அதுதான் பதில். ஆனால் கேட்டுச் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்றுமில்லை.

கொழும்புக்குப் போகும் முதல் பயணத்தில் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ஓமந்தை வரைக்கும் கருக்களைப் பற்றிக் கதைத்தார். ஓமந்தை தாண்டியதும் புட்டுப் பார்சலை அவிழ்த்தார். அதற்குப் பிறகு வாயைத் திறந்தபடி நித்திரை. அன்ரன் என்னைச் சுரண்டி, "உவாவை நம்பியோ நாங்கள் போறம்?" என்றார். மூன்று பேரும் கொழும்பில் இறங்கியபோது, எந்தப் பஸ், எந்த ஒழுங்கை, எந்த மாடி என்று முழுதும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தவர் அவர்தான்.

ஊசி மருந்துக் கதையைச் சொல்லாமல் விட்டால் அன்ரனுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனாலும் சொல்கிறேன். முட்டை வளர்வதற்கான ஊசிகளைக் குளிரில் வைத்து ஊருக்குக் கொண்டு வரவேண்டும். அன்ரன் இறாலை ஐஸ்பெட்டியில் அடுக்கியே வளர்ந்தவர். இறாலுக்கு நொறுக்கிய ஐஸ் எவ்வளவு போட்டாலும் நல்லது. போதாததற்கு மனுஷன் மேலே உப்பும் தூவியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் மருந்து கல்லாகக் கிடந்தது. குளிரவேண்டிய மருந்து உறைந்துவிட்டால் அதற்குப் பிறகு உதவாது. "உப்புப் போட்டால்தானே கனநேரம் நிக்கும்" என்று அன்ரன் தலையைச் சொறிந்தார். நான் கத்தத் தொடங்கினேன். மிஸ் கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணீர் வரும்வரை. "மருந்தையும் கருவாடு போட்டிட்டீர் தம்பி" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து இரண்டு மணித்தியாலம் எங்கெல்லாமோ கதைத்தார். அடுத்த நாள் வவுனியாவுக்குப் புது மருந்து வந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். அன்ரனை அவர் ஏசாமல் விட்ட ஒரே நாள் அது.

நாலு கரு உருவாகி, இரண்டுதான் ஐந்தாம் நாள்வரை நின்றன. இரண்டிலும் செல் எடுத்து அனுப்பிவிட்டு, கருக்களை உறைய வைத்தார்கள். காத்திருந்த கிழமைகளை நான் எழுதப்போவதில்லை, காத்திருந்தவர்களுக்குத் தெரியும். முடிவு வந்தது. ஒன்று சரியில்லை. மற்றது நல்லது. ஆனால் டொக்டர் இன்னொன்றும் சொன்னார். அந்த நல்ல கரு, தாள் மாறாத கருவா, அல்லது என்னைப் போல இரண்டு தாளும் இடம் மாறி ஒட்டிய கருவா என்பதை இந்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. எதுவானாலும் பிள்ளை சுகமாக இருக்கும். என்னைப் போல இருந்தால், அதற்குப் பிள்ளை பெறுகிற காலம் வரும்போது எனக்கு வந்த துன்பம் வரலாம்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மாமி கோயிலுக்கு மெழுகுதிரி நேர்ந்தார். நான்மட்டும் மடங்கிப் போனேன். தெரிந்துகொண்டே இதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதா? மூன்று முறை நான் கிடந்து துடித்த பாயில் என் பிள்ளையும் கிடக்கவேண்டுமா? வேண்டாம் என்று அன்ரனிடம் சொல்லிவிட்டேன். அவர் கடலுக்குப் போய்விட்டார். நான் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனேன்.

மிஸ் அப்போது ஓய்வு பெற்று, நெஞ்சு வருத்தத்தோடு வீட்டில் இருந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும், "என்ன, நல்ல செய்தி சொல்ல வந்த முகமாத் தெரியேல்லை" என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன். "அது என்னைப் போல இருந்தால் என்ன செய்யிறது மிஸ்?" என்று கேட்டேன்.  அவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "உம்மைப் போல இருந்தால் என்ன?"

கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லும். உம்மைப் போல இருந்தால் என்ன? நீர் படிச்சனீர். படிப்பிக்கிறீர். வாய் காட்டுறீர். அன்ரன் உம்மில உயிரா இருக்கிறான். உம்மட கொம்மா உம்மைப் பெத்திருக்கக்கூடாது எண்டோ சொல்லுறீர்?" அவருக்கு மூச்சு வாங்கியது. கௌசி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சாந்தமாகச் சொன்னார்: "நீர் பட்ட துன்பத்தில பாதி அந்த நிறமூர்த்தம் தந்தது. மிச்சப் பாதி ஒருத்தரும் உமக்கு உண்மை சொல்லாததால வந்தது. அதில என்ர பங்கும் இருக்கு. உம்மட பிள்ளைக்கு முதல் பாதி வருமோ எண்டு எனக்குத் தெரியாது. ரெண்டாம் பாதி வராது. நீர் இருக்கிறீர் எல்லே. ஆனால் வேண்டாம் எண்டு நீர் முடிவெடுத்தாலும் நான் வருவன். மூண்டாம் நாளும் வருவன், பத்தாம் நாளும் வருவன்."

எழும்பும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண் பிள்ளை என்றால் உங்கள் பெயர்தான் வைப்பேன் என்றேன். "அந்த விசர் வேலை மட்டும் பாக்காதையும். பள்ளிக்கூடத்தில கிழவி எண்டு பட்டம் தெளிப்பினம்" என்றார். அதுதான் அவரோடு நேரில் கதைத்த கடைசிக் கதை. கரு வைத்ததையும், அது தங்கியதையும், இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்ததையும் தொலைபேசியில்தான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் எத்தனையாம் கிழமை என்று நான் சொல்வதற்குள் அவர் சொல்லிவிடுவார்.

இனி மாமியோடு நான் போட்ட சண்டைக்கு வருகிறேன். செய்தி வந்த அடுத்த நாள் காலை வெள்ளைச்சேலை உடுத்திக்கொண்டு, எதற்கும் தயாராக அறையை விட்டு வெளியே வந்தேன். மாமியும் வெள்ளைச்சேலையோடு நின்றார். "என்ன பாக்கிறாய்? மூண்டு தரம் எங்கட வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கேக்க அவா வந்தவா. ஊரில ஒருத்தரும் வரேல்லை. நானெண்டால் அயல் வீட்டுக்கும் அப்பிடிப் போயிருக்கமாட்டன். நட" என்றார். பஸ்ஸில் ஏறிய பிறகு, "ஆனால் பிரேதத்துக்குக் கிட்டப் போறேல்லை" என்றார். ஓமென்றேன். கிட்டத்தான் போனேன். அங்கே ஒரு வயோதிபப் பெண், "உந்த வயித்தோட ஏன் பிள்ளை?" என்று தொடங்க, "அவா பெறுவிச்ச வயிறு. அவா பாக்கட்டும்" என்று மாமி வாயை அடைத்தார். நான் மாமியை அன்றுதான் முதன்முதலாகக் கட்டிப்பிடித்து அழுதேன்.

முற்றத்துப் பந்தலுக்குள் இருந்தபோது கௌசி ஒருத்தியைக் கூட்டி வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். ஒட்டுசுட்டானிலிருந்து வந்திருந்தாள். என்னிடம் பிழை சொன்ன அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு, மிஸ் தன் பழைய கொப்பிகளைப் புரட்டி, சண்டையால்தான் என்று தான் ஆறுதல் சொல்லி அனுப்பியவர்களை ஒவ்வொருவராகத் தேடியிருக்கிறார். என்னைத் தவிர ஆறு பேர். ஐந்து பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். இவள் ஆறாவது. இடம் மாறிப் போயிருந்தாள். இறப்பதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான் தொலைபேசி இலக்கம் கிடைத்து, மிஸ் படுக்கையில் இருந்தபடி கதைத்திருக்கிறார். வந்து நேரில் விளங்கப்படுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வர முடியவில்லை. அதனால் இவள் வந்திருக்கிறாள்.

"ரெண்டு அழிஞ்சு போச்சு அக்கா. எங்கட ஊரில எல்லாரும் சண்டையால எண்டுதான் சொல்லுகினம். அது காரணமா இல்லாமலும் இருக்கலாம் எண்டு மிஸ் போனில சொன்னவா. எனக்கும் உங்களுக்கு வந்ததுதானோ?" என்று கேட்டாள்.

என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் இரண்டை எடுத்துவிட்டேன். ஓம் என்று சொல்ல வாய் உன்னியது. அதே கண்கள், அதே கேள்வி, அதே மெலிந்த கை. எனக்கு வந்ததுதான் இவளுக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததுபோல இருந்தது. மிஸ்ஸுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும். அன்பினால்தான் சொல்லியிருப்பார். ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற அவசரம். கொப்பிகளை மடியில் வைத்தேன்.

"தெரியாது தங்கச்சி" என்றேன். "ரெத்தம் பாத்தால்தான் தெரியும். எங்க, எப்ப எண்டு நான் கேட்டுச் சொல்லுறன். போன் நம்பரைத் தாரும்."

அடுத்த கிழமை கேட்டுச் சொன்னேன். அவளும் புருஷனும் ரத்தம் கொடுத்துவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. முடிவு எதுவானாலும், உடம்பு ஆறட்டும் என்று அவள் சும்மா காத்திருக்கப் போவதில்லை. போன சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். மாமி ஒரு போத்தலில் சரக்குத்தூள் கட்டித் தந்தார். இரண்டாவது அழிந்து மூன்று மாதமாகிவிட்டதே, இப்போது எதற்கு என்று கேட்டேன். "அவளுக்கு அப்ப ஒருத்தரும் குடுக்கேல்லைத்தானே" என்றார் மாமி.

தவமலர் மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வசனம்தான். ரத்தப் பரிசோதனைத் தாளை அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன், என் பிள்ளைக்குக் காட்டுவதற்காக. இதை எழுதும்போதும் உள்ளே உதைத்துக்கொண்டிருக்கிறது. என் வாயும் வரும்போலத்தான் இருக்கிறது. வளர்ந்து ஒரு நாள், "அம்மா, நானும் உங்களைப் போலவோ?" என்று கேட்கும். அப்போது நான் சண்டையையும் சொல்லமாட்டேன், சாமியையும் சொல்லமாட்டேன். பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்து, "தெரியாது செல்லம். வா, ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்" என்று சொல்வேன்.